லேடி போஸ்ட்கார்டின் தொப்பி

உரக்கவும் உறுதியாகவும் பேசுகிறவனை மனிதர்கள் நம்பிவிடுகிறார்கள். இந்த ஒரு பலவீனத்தால் உலகம் பட்ட நஷ்டத்தையெல்லாம் சரித்திர ஆசிரியர்கள் எழுதிவிட்டார்கள். புனேயை அடுத்த நிக்டியில் இரண்டு பெண்மணிகள் பட்ட நஷ்டத்தை மட்டும் யாரும் எழுதவில்லை. அதற்குக் காரணமானவன் என்ற முறையில் நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து, மகர்பட்டாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் உட்கார்ந்து, மிகத் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. எதைக் கேட்டாலும் "தெரியுமே" என்று சொல்கிற வியாதி முற்றியிருந்த காலம். (இப்போது குணமாகிவிட்டது. "தெரியும், மறந்துபோச்சு" என்கிறேன்.)

மனைவி ஷோபா புனேயிலேயே பிறந்தவள். அவளுடைய அம்மாவும், அதாவது என் அத்தையும், அப்படித்தான். அத்தையின் அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அத்தைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் பிரமிளா. சிறுமிகள் இருவரும் விடிகாலையில் பஸ் பிடித்து, கேம்ப் என்கிற கன்டோன்மென்ட் பக்கம் போய், ரேஸ் கோர்ஸ் வேலிக்கு வெளியே நின்று குதிரைகளுக்குப் பயிற்சி கொடுப்பதைப் பார்ப்பார்களாம். மற்றப் பெண்கள் கோலமும் ரங்கோலியும் கற்ற வயதில் இவர்கள் குதிரையின் குளம்படியைக் கற்றார்கள். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பெற்று, கடைசியில் நிக்டியில் ஒரே கட்டிடத்தில் ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் வந்து சேர்ந்தார்கள். (மாமனாரும் அதே வீட்டில்தான் இருந்தார். போசரியில் லேத் பட்டறை வேலை பார்த்த களைப்பில் ஞாயிறு மதியம் தூங்குவதை விரதமாகக் கொண்டவர். இந்தக் கதையில் அவர் பங்கு இத்துடன் முடிந்தது.)

இருவரும் பந்தயத்தில் ஒரு ரூபாய் கட்டியதில்லை. "பணம் கட்டுனா அப்புறம் குதிரைய எங்க பாக்கறது, பணத்தைத்தான் பாப்போம்" என்பார் அத்தை. ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள், மழைக்கால சீசனின் பெரிய பந்தயமான டெர்பியன்று, ஆளுக்கொரு குதிரையைச் சொல்வார்கள். யார் குதிரை முன்னால் வருகிறதோ அவர் ஜெயித்தவர். தோற்றவர் சமைக்க வேண்டும். அத்தை தோற்றால் மட்டன் பிரியாணி. பிரமிளா தாயி தோற்றால் பூரண் போளி. (தாயி என்றால் மராத்தியில் அக்கா.) நான் மாப்பிள்ளையாக வந்து சேர்ந்த வருஷம், அத்தை தொடர்ந்து நான்கு முறை தோற்றிருந்தார். நான்கு முறை பிரியாணி செய்து, நான்கு முறையும் தாயி வாயால் "உப்பு கம்மி சரோஜ்" என்று கேட்டிருந்தார். ஐந்தாவது முறை அதைக் கேட்க அவர் தயாராக இல்லை.

அந்த வருஷம் கனமழையில் தரை ஊறிப்போய் டெர்பியை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். அதனால் ஒரு சிக்கல். அத்தைக்குச் சனிக்கிழமை மாலை கண்புரை ஆபரேஷன். திங்கள் காலைதான் கட்டுப் பிரிப்பார்கள். மற்றக் கண்ணிலும் புரை, அதன் முறை அடுத்த மாதம். இடையில் வருகிற ஞாயிறன்று பந்தயம். டிவி கூடாது, வெளியே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அத்தைக்கு ஒரு கொள்கை உண்டு. பந்தயத்துக்கு முன் பேடாக் என்கிற வட்டத்தில் குதிரைகளை நடத்திக் காட்டுவார்கள். அந்த நடையைப் பார்க்காமல் அவர் பெயர் சொல்வதில்லை. பிரமிளா தாயி காலைப் பேப்பரைப் பார்த்தே சொல்லிவிடுவார். நான்கு வருஷமாக ஜெயித்தவருக்கு எதற்குக் கொள்கை.

"நான் போறேனுங்க அத்தை" என்றேன்.

ஷோபா என்னைப் பார்த்தாள். "உங்களுக்குக் குதிரை பத்தி என்ன தெரியும்?"

"தெரியும்" என்றேன்.

தெரிந்ததெல்லாம் ஊரில் பார்த்த ரேக்ளா வண்டிப் பந்தயம். அதில் ஓடுவது மாடு. ஆனாலும் லைப்ரரியில் குதிரை வளர்ப்பு பற்றி ஒரு பழைய புத்தகம் எடுத்து மூன்று இரவுகளில் படித்து முடித்தேன். குதிரைக்கு வரும் வயிற்றுவலிகள் பதினொன்றும் எனக்கு மனப்பாடம். ஓடுவது பற்றி அந்தப் புத்தகத்தில் அதிகம் இல்லை.

ஞாயிறு மதியம் தூறலில் பேடாக்கின் கம்பியோரம் நின்று போன் போட்டேன். நிக்டியில் ஸ்பீக்கரில் போட்டு, கண்ணில் கட்டோடு அத்தையும் பக்கத்தில் பிரமிளா தாயியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாலாம் நம்பர் வந்துச்சா மாப்ள?"

நாலாம் நம்பரின் பெயர் லேடி போஸ்ட்கார்ட். ஒன்றரை வருஷமாக அத்தை கண் வைத்திருந்த பெண் குதிரை.

"வந்துருச்சுங்க. பழுப்பு நிறமுங்க. நெத்தியில வெள்ளையா, தபால்தலை ஒட்டுன மாதிரி ஒரு..."

"நெத்திய யாரு கேட்டாங்க. பொண்ணு பாக்கவா போயிருக்கீங்க? கால பாருங்க. முன்கால் வச்ச தடத்துலயே பின்கால் வுழுதா, தாண்டி வுழுதா?"

ஈர மண்ணில் தடம் நன்றாகத் தெரிந்தது. "தாண்டித்தானுங்க விழுது. ஒரு சாண் இருக்கும்."

"அச்சா. காது?"

"ரெண்டு இருக்குதுங்க."

அத்தை மிகவும் பொறுமையாக, "ரெண்டும் எந்தப் பக்கம் பாக்குது மாப்ள?" என்றார்.

"முன்னாலதானுங்க."

"வேர்வை?"

"அதுக்கு இல்லீங்க. எனக்குத்தான்."

"பஸ், போதும். அதான் என் குதிரை." குரலில் நான்கு வருஷத்துப் பசி. "இவ ஒம்பதாம் நம்பர் சொல்றா, ரிஜிஸ்டர்ட் போஸ்ட். ரெண்டும் ஒரே முதலாளி குதிரை மாப்ள." (முதலாளியின் அப்பா போஸ்ட் மாஸ்டராக இருந்திருக்க வேண்டும்.) "அதனால ஓட்டத்துல சட்டைய மட்டும் பாத்து..."

"தெரியுமுங்க அத்தை."

"அரே, கேளுங்க. தொப்பி..."

"தெரியுமுங்க அத்தை. நான் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு முன்வரிசையில் இடம் பிடிக்க ஓடினேன். நுழையும்போது வாங்கிய பந்தயப் புத்தகம் கையில் இருந்தது. அதில் ஒவ்வொரு குதிரைக்கும் வேண்டிய விவரங்கள் எல்லாம் அச்சிட்டிருந்தார்கள். மழை வலுத்ததால் அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன்.

குதிரைகள் பந்தயம் தொடங்கும் இடத்துக்குப் போகையில் நாலாம் நம்பரைக் கண்டுபிடித்துவிட்டேன். அதன் ஜாக்கிக்குக் கத்திரிக்காய் நிறச் சட்டை, குறுக்கே மஞ்சள் பட்டை. இனி ஒரு லட்சம் குதிரை ஓடினாலும் எனக்குக் கவலையில்லை.

மறுபடி போன் போட்டேன். குதிரைகளை அடைத்திருந்த கதவுகள் திறந்தன.

"கிளம்பிருச்சுங்க அத்தை. பன்னண்டும் கிளம்பிருச்சு. நம்ம கத்திரிக்கா எட்டாவதா இருக்குதுங்க."

"இருக்கட்டும். அவ கடைசிலதான் வருவா."

தூரத்து வளைவில் மழை ஒரு திரை போல இறங்கியது. குதிரைகள் அதற்குள் போயின. திரையிலிருந்து வெளியே வந்தபோது கத்திரிக்காய்ச் சட்டை மூன்றாவதாக வந்துகொண்டிருந்தது. ஐந்து குதிரைகளை அது எப்போது தாண்டியது, எப்படித் தாண்டியது என்று ஒரு புத்திசாலி யோசிக்க வேண்டிய இடம் இது. நான் பெருமைப்பட்டேன்.

"வந்துருச்சுங்க அத்தை. எப்படி வந்துச்சுன்னு தெரியலீங்க, மூணாவது. இப்ப ரெண்டாவது. போடு சாமி. விடாத, அப்படித்தான், வாலப் புடி."

ரேக்ளா பாஷை எனக்கே தெரியாமல் வெளியே வந்தது. பக்கத்தில் நின்ற மராத்திக்காரர் என் தமிழ் ஒன்றும் புரியாமலேயே உணர்ச்சிவசப்பட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினார். ஒலிபெருக்கியில் யாரோ இங்கிலீஷில் வேகமாக ஏதோ சொன்னார்கள். ஆயிரம் தொண்டைகளின் சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. எனக்குக் கண் இருந்தது.

"ஜெயிச்சாச்சுங்க அத்தை. நம்ம லேடிதான். நாலு குதிரை நீளம்."

மறுமுனையில் அத்தை சிரிக்க ஆரம்பித்தார். ஐந்து மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஷோபா ஏதோ கத்தினாள். அத்தையின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. "ஏ பிரமிளா, உக்காந்திருக்க. போய் பருப்ப வேக வை."

ஜெயித்த குதிரையை முதலாளி கடிவாளம் பிடித்து அழைத்து வந்தார். வேலியில் எக்கி, போனில் ஒரு படம் எடுத்தேன். பக்கவாட்டில், தலை முதல் வால் வரை எதுவும் விட்டுப்போகாமல். கூட்டத்துக்கு முன்பே கிளம்பி, ஒரு வடாபாவ் சாப்பிட்டுவிட்டு, வெற்றி வீரனாக நிக்டிக்குத் திரும்பினேன்.

மாடிப்படியிலேயே நெய்யும் ஏலக்காயும் மணத்தன. பிரமிளா தாயி இருபத்தைந்து போளி போட்டிருந்தார். மாடியிலிருந்த ஐந்து வீடுகளுக்கும் போனது. அத்தை கண்கட்டோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நான்கு போளி சாப்பிட்டுவிட்டு, "வெல்லம் கம்மி" என்றார். நான்கு வருஷமாகச் சேர்த்துவைத்த வாக்கியம். தாயி இன்னொரு கரண்டி நெய் ஊற்றினார். நேர்முக வர்ணனையாளன் என்ற முறையில் நான் ஆறு சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி. டாக்டர் கட்டைப் பிரித்து, சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்.

"அது கிடக்கட்டும்" என்றார் அத்தை. "மாப்ள, என் குதிரைய காட்டுங்க."

ஒரு நிமிஷம் மட்டும் என்று டாக்டர் அனுமதித்தார். படத்தைப் பெரிதாக்கிப் பெருமையோடு நீட்டினேன். அத்தை பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டருக்குக் கவலை வந்துவிட்டது. மங்கலாகத் தெரிகிறதா என்று ஹிந்தியில் கேட்டார்.

"நஹி டாக்டர் சாப். ஏக்தம் சாஃப்." (துல்லியமாகத் தெரிகிறதாம்.) பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, தொப்பி என்ன நிறம்?"

"சிவப்புங்க."

"என் குதிரைக்கு வெள்ளைத் தொப்பி. ஒரே முதலாளி குதிரைன்னா ஒரே சட்டைதான் போடுவாங்க. தொப்பிதான் வேற. அதத்தான் நான் சொல்ல வந்தேன்."

சேணத்துக்கடியில் இருந்த துணியைப் பெரிதாக்கினேன். ஜாக்கியின் காலுக்குப் பின்னால் பாதி மறைந்து ஒன்பது என்ற எண் என்னைப் பார்த்தது.

"தொப்பி போவட்டும், நம்பர் போவட்டும்" என்றார் அத்தை. "நான் சொன்னது பொட்டக் குதிரை. இதப் பாருங்க."

பார்த்தேன். டாக்டரும் எட்டிப் பார்த்தார். (அந்தப் படத்தை இதற்கு மேல் விவரிக்க என் வளர்ப்பு இடம் தரவில்லை. முன்பே சொன்னேன், எதுவும் விட்டுப்போகாமல் எடுத்த படம்.) ஆபரேஷன் முழு வெற்றி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

ஜெயித்தது ரிஜிஸ்டர்ட் போஸ்ட். பிரமிளா தாயியின் குதிரை. லேடி போஸ்ட்கார்ட் எட்டாவது. மழைத் திரைக்கு முன்னால் நான் எங்கே விட்டேனோ அங்கேயே கண்ணியமாக இருந்திருக்கிறது. தாயி தன் குதிரை ஜெயித்த நாளில், தோற்றவராக அடுப்பின் முன் நின்று இருபத்தைந்து போளி தட்டியிருக்கிறார்.

ஆட்டோவில் திரும்பும்போது மெதுவாகச் சொன்னேன். "அத்தை, இது நமக்குள்ளயே இருக்கட்டுமுங்க. போளியும் சாப்பிட்டாச்சு. அவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது?"

அத்தை புதுக் கண்ணால் என்னைப் பார்த்தார். "நாலு வருஷம் தோத்தேன் மாப்ள. ஒரு வருஷமும் திருடல."

அதற்குப் பிறகு நிக்டி வரும்வரை நான் போக்குவரத்தைக் கவனித்தேன்.

வந்ததும் அத்தை தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக எதிர்வீட்டு மணியை அடித்தார். பிரமிளா தாயி கதவைத் திறந்தார். அத்தை பேச வாயெடுத்து, உள்ளே சோபாவில் மடித்து வைத்திருந்த பேப்பரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"நேத்தே தெரியும்" என்றார் தாயி. குவார்ட்டர்ஸில் கற்ற தமிழ் அவருடையது, என் மராத்தியைவிடப் பல மடங்கு மேல். "பருப்பு வேகறதுக்குள்ள பையன் போன் பண்ணிட்டான். அவன் டிவில பாத்தான்."

"அப்புறம் எதுக்குடி போளி செஞ்சே?"

"நீ கண்ணு கட்டிட்டு ஒக்காந்திருந்தே. நாலு வருஷம் கழிச்சு சிரிச்சே. நான் என்னா சொல்றது?"

கதையை நான் கற்பனை செய்து எழுதுவதாக இருந்தால் இந்த இடத்தில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள். நடந்தது வேறு. அத்தைக்குக் கோபம் தலைக்கேறியது. "எனக்குப் பிச்சை போளி போட்டியா நீ?" என்று திரும்பி வந்து கதவைச் சாத்தினார். அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பாத்திரங்களை மட்டும் சத்தமாக வைத்தார். இரண்டு நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

மூன்றாம் நாள் தாயி வந்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே, சமாதானப் பேச்சை ஆரம்பித்தார். தோற்றவர் பிரியாணி செய்ய வேண்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஆபரேஷன் ஆன கண்ணை அடுப்பில் காட்டக் கூடாது. இருவரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிரியாணி செய்யத் தெரியுமா மாப்ள?" என்றார் அத்தை.

வாழ்க்கையில் முதல்முறையாக "தெரியாதுங்க" என்றேன். பயன் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தை நாற்காலியில் உட்கார்ந்து வாயால் சமைக்க, நான் கையால் சமைத்தேன். பிரமிளா தாயி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அத்தையைப் பார்த்து, "உப்பு கம்மி சரோஜ்" என்றார். அத்தை சிரித்துவிட்டார். போனில் கேட்ட அதே சிரிப்பு.

அன்றிலிருந்து டெர்பி யார் ஜெயித்தாலும் சமையல் என்னுடையது. பிரியாணியோடு பூரண் போளியும் வரும் இப்போது. தாயி மகனோடு நாசிக் போய்விட்டார். அவரவர் வீட்டிலிருந்தபடியே போனில் பந்தயத்தைப் பார்க்கிறார்கள், பேடாக் நடை உட்பட எல்லாம் தெரிகிறது. என் கண் யாருக்கும் தேவையில்லை. மழை பெய்கிற ஞாயிறுகளில் அந்தக் கம்பியோரமும் ஈர மண்ணில் ஒரு சாண் தாண்டி விழுந்த குளம்படியும் ஞாபகம் வருகின்றன. அன்று நான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

மற்றபடி, வீட்டில் நான் எதையாவது உறுதியாகச் சொன்னால் ஷோபா கேட்பது ஒரே கேள்வி. போன வாரம் மும்பை போக ஸ்டேஷனில் நின்றபோது, நம் ரயில் இந்தப் பிளாட்ஃபாரம்தான் என்று அடித்துச் சொன்னேன். புனேயில் பிறந்து, மராத்தியும் ஹிந்தியும் இங்கிலீஷும் சரளமாகப் பேசி, தமிழில் மட்டும் "நான் போனான்" என்கிற என் மகள், போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அப்பா, தொப்பி என்ன நிறம்?"

அவளுக்குப் பிசகில்லாமல் வருகிற ஒரே தமிழ் வாக்கியம் அதுதான். அந்த அளவுக்கு நானும் தமிழுக்குத் தொண்டு செய்திருக்கிறேன். ரயில் எதிர்ப் பிளாட்ஃபாரத்தில் வந்தது.