கிணத்துக்கடவில் ஒரு நாள் ஓய்வு

"ஏனுங்க, ஒரே ஒரு நாள் தங்கறதுக்கு ரூம் வேணும். இந்த ஊர்ல நல்ல லாட்ஜ் எங்க இருக்குங்க?"

கேட்ட பெண் ஈஸ்வரமூர்த்தியின் பம்ப்செட் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, குதிகால் கொப்புளத்தை ஊக்கால் குத்திக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் தாலி. பக்கத்தில் அவள் உயரத்தில் பாதிக்கு ஒரு முதுகுப்பை.

"எந்த ஊருங்க அம்மணி?"

"மேட்டுப்பாளையமுங்க. பேரு ஹாரிகா."

"பஸ்ல வந்தீங்களா?"

"நடந்துதானுங்க. கன்னியாகுமரி போறேன். இன்னிக்கு மூணாவது நாள். காலுக்கு ஒரு நாள் ரெஸ்ட் குடுத்துட்டு நாளைக்குக் காலைல கெளம்பிருவேன்."

ஈஸ்வரமூர்த்திக்கு அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறவர். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடுகிற ரோட்டில் கல்யாணமான பெண் தனியாக மூட்டையோடு நடந்து வந்தால், அதற்குப் பெயர் நடையல்ல. வீட்டில் சண்டை.

"லாட்ஜெல்லாம் எதுக்குங்க? நம்ம ஊடு பக்கத்துலதான் இருக்குது. வாங்க" என்று பையைத் தூக்கப் போனவர், அதன் கனத்தில் ஒருமுறை தள்ளாடி நின்றார். இத்தனை துணிமணி என்றால் பெரிய சண்டைதான்.

வீட்டில் மனைவி வரலட்சுமியைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார்.

"அய்யோ பாவம்" என்றாள் வரலட்சுமி.

"மெதுவாப் பேசி என்ன ஏதுன்னு கேளு. நாளைக்குள்ள மனச மாத்தி ஊட்டுக்கு அனுப்பிப் போடோணும்."

"சரிங்க."

இரண்டு பெண்களும் உள் அறையில் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. வெளியே வந்த வரலட்சுமி, "ஒண்ணும் சொல்ல மாட்டீங்கறாங்க" என்றாள்.

ஈஸ்வரமூர்த்தி அடுத்த வேலையில் இறங்கினார். ஷூ இல்லாமல் எப்படி நடப்பாள்? வாசலில் கிடந்த ஷூவைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டார். மதியம் ஹாரிகா தேடினாள்.

"இந்தத் தெருவுல நாய்த் தொல்லை ஜாஸ்திங்க. கவ்வீட்டுப் போயிருக்கும்" என்றார்.

"ரெண்டையுமுங்களா?"

"ரெண்டு நாய் இருக்குதுங்க."

வரலட்சுமி உடனே அவளைக் கடைவீதிக்கு அழைத்துப் போய், பழையதைவிட உறுதியான ஷூ வாங்கிக் கொடுத்து, கையில் இரண்டு பெட்டிகளோடு திரும்பினாள்.

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு வாங்குனா ஒண்ணு இனாமுங்க. உட்டுட்டு வர மனசு வரல."

ஷூ போனால் போகிறது, சாமி இருக்கிறாரே என்று தோன்றியது அவருக்கு. மாலையில் இருவரையும் பொன்மலைக் கோயிலுக்கு அனுப்பினார். முருகன் சந்நிதியில் நின்றால் கல்மனசும் கரையும். போனவர்கள் படியேறி இறங்கி, மறுபடியும் ஒருமுறை ஏறி இறங்கி வந்தார்கள். மாடியில் துணி காயப்போட்டு வந்தாலே "முட்டி வலிக்குதுங்க" என்பவள் வரலட்சுமி. அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. பக்தியின் சக்தி என்று ஈஸ்வரமூர்த்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆனால் ஹாரிகாவின் மனசு கரைந்த மாதிரித் தெரியவில்லை. கால் வேறு நன்றாகிக்கொண்டு வந்தது. வேறு வழியில்லாமல் அவளிடமே கணவனின் நம்பரைக் கேட்டார். அவள் தயங்காமல் கொடுத்தாள். கணவன் பெயர் அபிலாஷ்.

"கிணத்துக்கடவுல இருந்து பேசறனுங்க. உங்க சம்சாரம் எங்க ஊட்லதான் இருக்காங்க."

"ரொம்ப சந்தோசமுங்க. கால் எப்பிடி இருக்குதுங்க?"

ஈஸ்வரமூர்த்திக்குக் காது சூடானது. "காலா முக்கியம்? கட்டுனவ என்ன நெனைக்கறா, எங்க போறான்னு ஒரு ஆம்பளைக்குத் தெரிய வேண்டாமுங்களா? கொஞ்சம் பக்கத்துல உக்காந்து பேசியிருந்தா இந்த நெலம வந்திருக்குமா? எங்க ஊட்ல பாருங்க, எனக்குத் தெரியாம ஒரு டம்ளர் எடம் மாறாது."

"நெசந்தானுங்க" என்றான் அபிலாஷ் பணிவாக.

இப்படி ஒரு ஜடத்திடம் பேசிப் பயனில்லை. ஈஸ்வரமூர்த்தி மனைவியைக் கூப்பிட்டுக் கடைசி உத்தரவைப் போட்டார்.

"அந்தம்மணிய ஒரு நிமிசம்கூடத் தனியா உடாத. அவ எங்க போனாலும் நீயும் கூடவே போ. என்ன?"

வரலட்சுமி அவரைச் சற்று நேரம் பார்த்தாள். கண் கலங்கின மாதிரி இருந்தது. "சரிங்க" என்றாள்.

காலையில் ஈஸ்வரமூர்த்தி எழுந்தபோது வீடு அமைதியாக இருந்தது. பிளாஸ்கில் காபி இருந்தது. பிரிட்ஜில் நான்கு டப்பா மாவும், மேலே தேதி ஒட்டிய ஆறு டப்பா குழம்பும் இருந்தன. மனிதர்களைத்தான் காணோம். மனைவிக்குப் போன் போட்டார்.

"கோவில்பாளையம் தாண்டிட்டமுங்க."

"அங்க உனக்கென்ன வேலை?"

"நீங்கதானுங்களே கூடவே போகச் சொன்னீங்க? லாரி வருது, வெச்சர்றனுங்க."

ஒரு நாள் பழக்கத்தில் ஒரு குடும்பப் பெண்ணின் மனதைக் கெடுக்க முடியுமா? முடிந்திருக்கிறதே. அபிலாஷை அழைத்தார்.

"என்னப்பா பொம்பளைய வளத்தி வெச்சிருக்கறே! ஒண்ணும் தெரியாத என்ற சம்சாரம் வரலட்சுமியவும் கன்னியாகுமரிக்குக் கூட்டீட்டுப் போயிட்டா!"



"அடடா, வரலட்சுமியக்கா ஊட்டுக்காரரு நீங்கதானுங்களா? இந்த நடையே அவங்க போட்ட பிளானுங்க. எட்டு மாசமா தெனமும் போன்ல பேசிப் பேசி எங்க ஊட்டம்மணியக் கெளப்பிவுட்டதே அக்காதானுங்க!"