ஆர்லோ சொன்ன எடை

ஆர்லோ தன் எடையைக் கடைக்காரனிடம் தொண்ணூறு பவுண்டு குறைத்துச் சொன்னான். கெட்டது அங்கேதான். மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்த வினை.

பனியில் ஓட்டும் மோட்டார் வண்டிக்குப் புது ஸ்பிரிங் வாங்குகிறவன் எடையை மறைக்கக் கூடாது. டாக்டரிடம் மறைக்கலாம். பெண்டாட்டியிடம் மறைக்கலாம், முடிந்தால். ஸ்பிரிங்கிடம் மறைத்தால் அது மலை உச்சியில், நாலு பேர் பார்க்க, காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன் மறைத்தான்? அதற்கு அவன் சிநேகிதன் மெர்வின் செத்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆல்டர் கிரீக்கில் குளிர்காலம் என்றால் சாம்பல் நிறம். வானம் சாம்பல், சாலை சாம்பல், ஆட்கள் முகமும் அதே. மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மர ஆலையை மூடிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச். மிச்சம் இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். சனிக்கிழமையானால் ஆண்பிள்ளைகள் பனிவண்டியைக் கிளப்பிக்கொண்டு ‘பிஷப் வழுக்கை’க்குப் போவார்கள். ஒரு மரம்கூட இல்லாத செங்குத்து மலை. எந்த பிஷப்பின் தலை என்று யாரும் சொன்னதில்லை. எந்த பிஷப்பும் கேட்டதில்லை.

அங்கே ஒரு வழக்கம். ஏற முடிந்தவன் ஏறுவான். முடியாதவன் அடிவாரத்தில் தீ மூட்டி, சாஸேஜ் சுட்டு வைத்துக் காத்திருப்பான். யாரும் கேலி பேச மாட்டார்கள். இறங்கி வந்து, “தேங்க்ஸ், ஆர்லோ” என்று சொல்லிவிட்டுத் தின்பார்கள். அந்த தேங்க்ஸ்தான் தாங்காது.

மூன்று குளிர்காலமாக அந்தத் தீயருகே ஆர்லோவும் மெர்வினும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் அது ஓய்வு. ஒருத்தன் மட்டும் உட்கார்ந்தால் அவன் சமையல்காரன். அக்டோபர் மாதம் மெர்வின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். இனிமேல் ஆர்லோ சமையல்காரன்.

சாவு வீட்டுக்கு ஆர்லோவின் மனைவி வெல்டா பெரிய தட்டில் உருளைக்கிழங்கு செய்து எடுத்துப்போனாள். சீஸும் க்ரீமும் கொட்டி, மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் நொறுக்கித் தூவிச் சுட்டது. அந்தப் பக்கத்தில் அதற்குப் பெயரே சாவு உருளைக்கிழங்கு. துக்கம் தாளாமல் ஆர்லோ நாலு தட்டு தின்றான். வெல்டா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அடுத்த தடவ இத உனக்காகச் செய்யணும்னு ஆசையா?” என்றாள் வீட்டுக்கு வரும் வழியில்.

“எனக்குச் செஞ்சா நான் எப்படித் திங்கிறது?”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

மறுநாள் காலையிலிருந்து டயட். கொழுப்பு எடுத்த பாலாடைக் கட்டி, டப்பாவில் அடைத்த பீச் பழம். வெள்ளையாக ஒன்று, மஞ்சளாக ஒன்று. இரண்டுக்கும் ருசி கிடையாது.

பாலாடைக் கட்டியை வெறித்துக்கொண்டே ஆர்லோ ஒரு சபதம் எடுத்தான். இந்தக் குளிர்காலம் வழுக்கையில் ஏறுவது. வண்டியை அடியோடு மாற்றுவது. சக்கரத்துக்குப் பதிலாகச் சுழலும் பழைய குட்டைப் பட்டையைக் கழற்றிவிட்டு, மூன்று அங்குலப் பல் வைத்த நீளமான ரப்பர்ப் பட்டை. பின்பக்கம் முழுக்கப் புது ஷாக், புது ஸ்பிரிங்.

“பண்ணு. யார் வேணாம்னா?” என்றாள் வெல்டா.

ஆர்லோவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வெல்டாவின் அப்பா மலையேற்றப் பந்தயக்காரர். மகள் நடக்கப் பழகும் முன்பே வண்டியில் தூக்கி உட்காரவைத்தவர். கல்யாணத்துக்கு வரும்போது அவள் சொந்த வண்டியோடுதான் வந்தாள். கூரை மாற்றிய வருஷம் ஒரு வண்டியை விற்க வேண்டியிருந்தது. எந்த வண்டி என்ற பேச்சே எழவில்லை. அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அவளுக்கு ஜன்னல்.

“ஒரு சனிக்கிழம எனக்குக் குடேன்” என்று எப்போதாவது கேட்பாள்.

“அது மலை வண்டி, வெல்டா. உன்னால தாங்க முடியாது.”

“எங்கப்பா மலையிலதான் ஓட்டினாரு. குளத்துல இல்ல.”

“அடுத்த வருஷம் பாக்கலாம்.”

எத்தனையோ அடுத்த வருஷம் போயிற்று.

கடைக்குப் போன் செய்ய ஆர்லோ கராஜுக்குக் கிளம்பினான்.

“அங்க ஏன் குளிர்ல நிக்கிற? இங்கயே பேசு” என்றாள் வெல்டா. சமையலறையில், அவனுக்கு எதிரே, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போனை எடுத்து அவளே நடு மேஜையில் வைத்தாள். கடைக்காரன் கிளே, பட்டையின் நீளம் கேட்டான், பல் உயரம் கேட்டான். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று.

“ஓட்டுறவர் எடை சொல்லுங்க” என்றான் கிளே. “ஸ்பிரிங் அதுக்குத் தக்கபடிதான் போடுவேன். பூட்ஸ், ஹெல்மெட், கோட்டு எல்லாம் சேர்த்து.”

ஆர்லோ வெல்டாவைப் பார்த்தான். வெல்டா அவன் வயிற்றைப் பார்த்தாள். டயட் ஆரம்பித்ததிலிருந்து தினமும் இளைத்துக்கொண்டே வருவதாகத்தான் அவளிடம் சொல்லி வைத்திருந்தான். ரெக்ஸ் வீட்டு ஃப்ரிட்ஜில் நடந்த விஷயங்கள் அவளுக்குத் தெரியாது என்பது அவன் எண்ணம். ரெக்ஸ் வெல்டாவின் கூடப்பிறந்த தம்பி.

“நூத்தியம்பது” என்றான் ஆர்லோ.



“சார், இது பாட்டி வண்டியா, உங்க வண்டியா?”

“என் வண்டிதான்!”

“நூத்தியம்பதுன்னே எழுதிக்கட்டுமா?”

“எழுதிக்கோ.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மலையில போய்—”

“எழுதிக்கோன்னு சொல்றேன்ல!”

வெல்டா குனிந்து அவன் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். “எவ்ளோ இளைச்சிட்ட” என்றாள். கல்யாணமான புதிதில் கொடுத்ததுதான் அந்த மாதிரி முத்தம். அப்போதும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை.

சாமான் வந்தது. கராஜில் வாரக்கணக்கில் வேலை. விரல் நசுங்கியது, கெட்ட வார்த்தை பறந்தது. பட்டையின் நீளத்துக்குத் தக்கபடி வண்டியின் வாலையும் நீட்டி ஆணி அடித்தான். வெல்டா விளக்குப் பிடித்தாள், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள். கேட்காத ஸ்பானரைக் கொடுப்பாள், அதுதான் சரியாக இருக்கும்.

முடிந்ததும் ஆர்லோ ஏறி உட்கார்ந்தான். வண்டியின் பின்பக்கம் கிழட்டு நாய் மாதிரி தரையில் உட்கார்ந்துவிட்டது. முன்பக்கத்துச் சறுக்குக் கட்டைகள் இரண்டும் அந்தரத்தில் நின்றன.

“இது என்ன, மூக்கு வானத்தப் பாக்குது?” என்றாள் வெல்டா.

“புதுசுல்ல. போகப் போக இறங்கும்.”

“எங்க, நீ இறங்கு. நான் ஒக்காந்து பாக்கறேன்.”

உட்கார்ந்தாள். வண்டி மட்டமாக, கச்சிதமாக நின்றது. இப்படியும் அப்படியும் குதித்துப் பார்த்தாள். அழுத்தினால் இறங்கியது, விட்டால் ஏறியது. அந்தக் குளிர்காலத்தில் அந்த வீட்டில் ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

“நீ லேசு. அதான் உனக்கு ஒண்ணும் தெரியல” என்றான் ஆர்லோ. மெக்கானிக் வேலையில் அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அது. சொன்னவனுக்கே புரியவில்லை.

சனிக்கிழமை வந்தது. கனமான புதுப் பனி. மேகம் மலையின் தோளில் படுத்திருந்தது. மத்தியானத்துக்கு மேல் புயல் என்றார்கள். அடிவாரத்தில் போன வருஷம் தீ எரிந்த இடத்தைப் பனி மூடியிருந்தது. ஆர்லோ அங்கே வண்டியை நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை.

“மாப்ள, சாஸேஜ் கொண்டாந்தியா?” என்றான் ரெக்ஸ்.

“இன்னிக்கு நீ சுடு.”

“யப்பா! பட்ட பெருசாச்சு, வாயும் பெருசாச்சா?”

“மேல போயி உனக்கு டாட்டா காட்டறேன் பாரு.”

பாதி மலை வரைக்கும் வண்டி புலி. நீளப் பட்டை பனியை வாரி வாரி எறிந்தது. ஆர்லோ வாய்விட்டுக் கத்தினான். “மெர்வின்! பாருடா!” என்று கத்தியதாக ரெக்ஸ் பின்னால் சொன்னான். ஆர்லோ இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

சரிவு செங்குத்தான இடத்தில் பின்பக்கம் அமுங்கியது. முன்பக்கம் எழுந்தது. எழுந்தது எழுந்துகொண்டே போயிற்று. ஒரு நொடி வண்டி இரண்டு காலில் நின்று பிஸ்கட் கேட்கும் நாய் மாதிரி நின்றது. பிறகு மல்லாந்தது. ஆர்லோ ஒரு பக்கம் உருண்டான். வண்டி மறுபக்கம் உருண்டு, மலையின் இடுப்பில் இருந்த ஓடைப் பள்ளத்துக்குள் போய் நிமிர்ந்து நின்றது.

ஆர்லோவுக்கு எலும்பு முறியவில்லை. முறிந்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும்.

பள்ளத்தின் கீழ்ப்பக்கம் உறைந்த அருவி. வெளியே வர வேண்டுமானால் எதிர்ச் சரிவில் நேராக ஏறி, வழுக்கையின் உச்சி வழியாகத்தான் வர முடியும். வேறு வழி கிடையாது. புயல் மூடிவிட்டால் ஜூன் மாதம் வந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், ஓடை மிச்சம் வைத்ததை.

ரெக்ஸ் இறங்கிப்போய் அந்த வண்டியை ஓட்டி ஏறப் பார்த்தான். அவனும் ஆர்லோவும் ஒரே ஃப்ரிட்ஜில் வளர்ந்தவர்கள். வண்டி அவனையும் மல்லாத்தியது. கூட வந்த இன்னொருவன் பார்த்தான். அவனையும். ஆல்டர் கிரீக்கில் நூற்றைம்பது பவுண்டில் ஆண்பிள்ளை கிடையாது. ஆலை மூடியதிலிருந்து எல்லாரும் சாப்பாட்டுக்காரர்கள்.

“பேய் பிடிச்ச வண்டி” என்றான் ரெக்ஸ், பனியைத் துப்பிவிட்டு. “கடக்காரன்ட்ட என்ன எடை சொன்ன?”

ஆர்லோ கோட்டில் ஒட்டிய பனியைத் தட்டினான்.

“மாப்ள. என்ன எடை சொன்ன?”

“நூத்தியம்பது.”

ரெக்ஸ் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். ஹெல்மெட்டைக் கழற்றி, சாவு வீட்டில் கழற்றுகிற மாதிரி மார்போடு பிடித்துக்கொண்டான். பிறகு போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான்.

வெல்டா பக்கத்து வீட்டுக்காரர் ஓட்ட, அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். அவள் இத்தனை சீக்கிரம் வந்ததே ஆர்லோவுக்கு உறைத்தது. அப்பாவின் பந்தயக் கோட்டு, பூட்ஸ், ஹெல்மெட், எல்லாம் போட்டு ஆயத்தமாக வந்திருந்தாள்.

“போன் வர்றதுக்கு முன்னாடியே உடுத்திட்டியா?”

“பனி பெய்யுதே, குளிருமேன்னு போட்டேன்.”

“வெல்டா, விளையாடாத. அந்த வண்டி ஆளையே தூக்கி எறியுது.”

“உன்னத் தூக்கி எறியுது.”

“ரெக்ஸையும்தான்!”

“அவனும் உன்ன மாதிரி இளைச்சவன்தானே.”

பள்ளத்துக்குள் இறங்கினாள். ஆர்லோ பின்னாலேயே சறுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தான்.

“கேளு. எனக்கு ஒண்ணு சொல்லணும். கடக்காரன்ட்ட நான் சொன்ன எடை...”

“என் எடை” என்றாள் வெல்டா. கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள். “பூட்ஸ், ஹெல்மெட், கோட்டு எல்லாம் சேர்த்து. ஒரு பவுண்டு கூடல, குறையல.”

மேகம் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

“தெரியுமா உனக்கு?”

“எதிர்லதானே நின்னேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா மாத்தியிருப்ப.”

ஆர்லோ வாயைத் திறந்தான். பனி உள்ளே போயிற்று. மூடிக்கொண்டான்.

“ஒரு சனிக்கிழம கேட்டேன்” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “எத்தன வருஷம் கேட்டேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?”

இல்லை.

“தள்ளி நில்லு. பட்ட பனிய வாரி அடிக்கும்.”

தள்ளி நின்றான். போதவில்லை. தலையிலிருந்து கால்வரை பனி மூடியது. துடைத்துக்கொண்டு பார்த்தபோது வண்டி பாதிச் சரிவில் இருந்தது. மூக்கு எழவில்லை. வால் அமுங்கவில்லை. அவன் நசுக்கிக்கொண்ட விரல்கள், அவன் அடித்த ஆணிகள், அவன் தின்ற பாலாடைக் கட்டி எல்லாம் சேர்ந்து ஒரு கோடு மாதிரி நேராக மேலே போயின. உச்சியில் அவள் வண்டியில் எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள். ஆண்பிள்ளைகள் விசிலடித்தார்கள். ரெக்ஸ் அழுதான் என்று சிலர் சொல்கிறார்கள். குளிர் காற்றில் கண்ணில் நீர் வரும்தான்.

ஆர்லோவை ரெக்ஸ் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டான். பின்னால் உட்கார்ந்து, மச்சான் இடுப்பைக் கட்டிக்கொண்டு, புதுப்பெண் மாதிரி ஊருக்குள் வந்தான் ஆர்லோ. புயல் அதற்குக்கூட மறைப்பாக வரவில்லை. தாமதமாகத்தான் வந்தது.

அடுத்த வாரம் கிளே போன் செய்தான். சாமான் விற்றவன் விசாரிப்பது கடை வழக்கம். ஆர்லோ சமையலறையில் தனியாக இருந்தான். கனமான ஸ்பிரிங் கேட்க அது நல்ல சமயம். இருநூற்று நாற்பது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

“ஸ்பிரிங் எப்படி சார் இருக்கு?” என்றான் கிளே. “எனக்கு அந்த எடையில சந்தேகந்தான். வண்டி ஒத்துழைச்சுதா?”

ஆர்லோ ஜன்னல் வழியே பார்த்தான். இன்றும் சனிக்கிழமை. வாசலில் வண்டி இல்லை. அதை நிறுத்தும் இடத்தில் புதுப் பனி விழுந்துகொண்டிருந்தது. மேஜையில் வெல்டா எடுத்து வைத்துவிட்டுப் போன சாஸேஜ் பொட்டலம். மத்தியானம் அடிவாரத்துக்கு நடந்தே வந்து தீ மூட்டி வைக்கச் சொல்லியிருந்தாள்.

“மொதல்ல ஒத்துழைக்கல. இப்ப சரியாயிடுச்சு.”

“ஸ்பிரிங்க மாத்திட்டீங்களா?”

“இல்ல. ஓட்டுற ஆள மாத்தியாச்சு.”

“அட! யாரு சார் புது ஆளு?”

“வெல்டா.”