விரால் தோலும் வேப்பம்பட்டுச் சம்பந்தியும்

சேக்காடு கிராமத்தில் பிறந்து, பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு கைவிட்ட பின் தன்னைத் தானே படிக்க வைத்துக்கொண்ட அருணகிரி, வயது ஐம்பத்தெட்டு, ஆகிய நான் எழுதுவது.

அன்று எனக்கு இடப்பட்ட வேலை ஒன்றே. ஏரியில் வலை வீசுவோரிடம் உயிருள்ள விரால் ஒன்று வாங்கி வர வேண்டும்.

என் மகள் ருக்குமணியைப் பெண் பார்த்துச் சென்ற வேப்பம்பட்டார் அன்று உண்ண வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தனர். எங்கள் பக்கத்தில், சம்பந்தம் உறுதியாகும்வரை பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் பெண் அவர்களுடையவள். மாப்பிள்ளையின் தகப்பனார் முனுசாமி, ஏரி விரால் குழம்பென்றால் நனைக்கலாம் என்றாராம். ஆக, ருக்குமணியின் வாழ்வு அந்த விராலின் முதுகில் ஏறியிருந்தது.

விரால் வந்தது. கூடவே என் கெட்ட காலமும் வந்தது.

சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பட்டணத்துப் பழம்பொருள் கடையில் வாங்கி வைத்திருந்தேன். மீன் செத்தாலும் அதன் தோலிலுள்ள உயிரணுக்கள் உடனே சாவதில்லை என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். அவை எப்படிச் சாகின்றன என்று காண இதைவிட நல்ல விரால் எனக்கு எப்போது வாய்க்கும்?

என் மனைவி கமலம் அடுப்பு மூட்டுவதற்குள் தலையை அரிந்தேன். தோல் முழுவதையும் உரித்தேன். ஒரு துண்டை இலேசான உப்பு நீரிலும், ஒன்றை வெறும் கிணற்று நீரிலும் இட்டேன். மிச்சத்தைக் கொல்லையில் வெயிலில் விரித்தேன். சதையைக் கமலத்திடம் ஒப்படைத்தேன். அவள் மீனைப் பார்த்தாள்; என்னைப் பார்த்தாள். நேரமில்லாததால் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

இலை போட்டாயிற்று. முனுசாமி குழம்புத் துண்டைக் குனிந்து பார்த்தார். நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“இன்னா அண்ணாத்தே, தோலும் இல்ல, தலயும் இல்ல. உருண்டையா கீது. ஏரியில தண்ணிப் பாம்பும் கீதே?”

அவர் மனைவி இலையை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

சான்று காட்டுகிறேன் என்று ஓடினேன். வெயிலில் விரித்ததைக் காக்கை கொண்டுபோயிருந்தது. கிணற்று நீரில் இட்டதன் அணுக்கள் உப்பி உடைந்து, கண்ணாடியில் கஞ்சித் தண்ணீர் போல் தெரிந்தன. உப்பு நீரில் இட்டதோ அருமை! கருநிற அணுக்கள் கிளை விரித்து நட்சத்திரங்களாக நின்றன. வந்த காரியத்தை மறந்து, மீன் செத்தும் தோல் சாகவில்லை என்று கூவினேன். முனுசாமியையும் பார்க்கச் செய்தேன்.

நெடுநேரம் பார்த்தார். “புள்ளி புள்ளியா கீது. பாம்பேதான்.”

அவர் மனைவி மெல்லச் சொன்னார்: “செத்ததயே இந்தப் பாடு படுத்துறாரு. உசுரோட கீற நம்ம புள்ளய இன்னா பண்ணுவாரோ?”

முனுசாமி துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். அப்போது ருக்குமணி அடுக்களையிலிருந்து தட்டோடு வந்தாள்.

“தலய நாளிக்கி ஆராயறதுக்குன்னு நைனா கூடைக்கடியில ஒளிச்சி வச்சாரு மாமா. நான் எட்த்து வறுத்துட்டேன். செவுளத் தூக்கிப் பாருங்க. எந்தப் பாம்புக்கு செவுள் கீது?”

முனுசாமி தூக்கிப் பார்த்தார். மீண்டும் உட்கார்ந்தார்.

“பொண்ணு போதும். அந்தக் கண்ணாடி மட்டும் பந்தல் பக்கம் வரக் கூடாது,” என்று குழம்பில் கை வைத்தார்.

வைகாசி மாதத்து இரண்டாம் புதன்கிழமை நண்பகலில் என் மகளின் திருமணம் உறுதியாயிற்று. சாட்சி, வறுத்த தலை ஒன்று.