மாமனாரின் கணினிக்கு வேகம் ஏற்றிய கதை

புது மாப்பிள்ளையை மாமியார் வீட்டில் மூன்று நாள் சும்மா உட்காரவைக்கக் கூடாது. வேளாவேளைக்கு வடையும் கேசரியும் கொடுத்து உட்காரவைத்தால் இன்னும் ஆபத்து. இதற்குச் சாட்சி நானே. குற்றவாளியும் நானே.

கல்யாணமாகி இரண்டாவது மாதம். மனைவி மஞ்சுளாவின் வீட்டுக்கு, சூளகிரிக்கு, விருந்துக்குப் போயிருந்தோம். மாமனார் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டின் முன்னறையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு, ஃபிக்சருக்கு வரைபடம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். (ஃபிக்சர் என்றால், துளை போடும்போது இரும்புத் துண்டு ஆடாமல் பிடித்துக்கொள்ளும் சட்டம். அன்று என்னையும் ஒன்றில் மாட்டி வைத்திருக்கலாம்.)

அது அவருடைய முதல் ஆர்டர். மூன்று வார உழைப்பு. அன்று மதியம் மூன்று மணிக்குக் கம்பெனியிலிருந்து நாகராஜப்பா என்பவர் வந்து படத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பதாக ஏற்பாடு. ஆனால் திரையில் படத்தை இப்படித் திருப்பு என்றால், கணினி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் திருப்பியது.

"என்ன பண்றது மாப்ள, எனக்கும் வயசாச்சு, இதுக்கும் வயசாச்சு" என்றார் மாமனார்.

"இதுல ஒளிஞ்சு கிடக்கற வேகத்த எடுக்கலாம் மாமா. பத்து நிமிசம் குடுங்க" என்றேன்.

நான் பெங்களூருக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் செய்த வேலையைச் சோதித்துக் குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்குபவன். ப்ராசஸரின் வேகத்தைக் கூட்டுவதற்கான முறையெல்லாம் எனக்கு மனப்பாடம். முக்கியமான ஃபைல்களுக்கு முதலில் நகல் எடுக்க வேண்டும். ப்ராசஸரையும் மெமரியையும் ஒன்றாகத் தொடக் கூடாது. ஒன்றை மட்டும், கொஞ்சமாக ஏற்றி, சூடு எவ்வளவு என்று பார்த்து, மணிக்கணக்கில் சோதித்த பிறகுதான் அடுத்த படி.

மணிக்கணக்கில் சோதித்தால் மாமனார் எப்போது அசந்துபோவது? நகல்கூட எடுக்காமல் ப்ராசஸர், மெமரி, வோல்டேஜ் மூன்றையும் ஒரே மூச்சில் ஏற்றினேன். சோதனையை ஓடவிட்டு ஒரு காபி குடித்தேன். காபி தீர்ந்தது, சோதனையும் முடிந்ததாக அறிவித்தேன். (காபி கொஞ்சம் சூடாக இருந்திருந்தாலாவது இன்னும் இரண்டு நிமிடம் ஓடியிருக்கும்.)

படம் ராட்டினம் மாதிரி சுற்றியது. "அடேங்கப்பா!" என்றார் மாமனார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் என் சொந்தக் கணினியையும் கொளுத்தியிருப்பேன். அவர் உற்சாகத்தில், பாக்கியிருந்த, துண்டை அமுக்கிப் பிடிக்கும் இரண்டு கிளாம்புகளையும் மளமளவென்று வரைந்து சேமித்தார்.

சேமித்த சிறிது நேரத்தில் திரை நீலமானது.

அப்போதே எல்லாவற்றையும் பழைய அளவுக்குக் கொண்டுவந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நானோ, மெமரிக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு வேண்டும் என்று முடிவுசெய்து வோல்டேஜை மேலும் ஏற்றினேன். இப்போது நீலமும் போய்விட்டது. மின்விசிறி மட்டும் உள்ளே சுற்ற, திரை கரி மாதிரி கிடந்தது.

"என்னாச்சு மாப்ள?"

"ஒண்ணுமில்ல மாமா, மெமரிக்கு டிரெய்னிங் போயிட்டிருக்கு."

அப்போதுதான் காலை ஷிஃப்ட் முடிந்து, கம்பெனிச் சட்டையோடு அத்தை உள்ளே வந்தார். என் மாமியார் ஓசூரில் எலக்ட்ரானிக் போர்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று என் மண்டைக்குத் தோன்றியதே இல்லை.

"டிரெய்னிங்கு யாருக்குங்க மாப்ள, அதுக்கா, உங்களுக்கா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "எதை எதை ஏத்துனீங்க?"

சொன்னேன். பள்ளியில் கணக்கு டீச்சரிடம் கூட அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.

"மூணையும் ஒண்ணாவா?"

தலையாட்டினேன். மஞ்சுளா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். (அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாளாம்.)

அத்தை பிளக்கைப் பிடுங்கி, வளையல்களைக் கழற்றி வைத்து, பக்கவாட்டு மூடியைத் திறந்தார். கையிலிருக்கும் நிலைமின்சாரம் போகப் பெட்டியின் தகரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, மதர்போர்டிலிருந்த நாணயம் போன்ற பேட்டரியை நகத்தாலேயே நெம்பி எடுத்தார். "அஞ்சு நிமிசம் வெளிய இருக்கட்டும். நீங்க ஏத்துனதெல்லாம் மறந்துரும்." ஐந்து நிமிடம் கழித்து மாட்டினார். திரையில் வெளிச்சம் வந்தது. போன உயிர் எனக்கும் வந்தது.

பாதி உயிர்தான். மெமரி தடுமாறிய நேரத்தில் சேமித்த ஃபைல் திறக்கவில்லை. காலையில் நகல் ஒன்று தானாகவே சேமிக்கப்பட்டிருந்தது. அதில் அந்த இரண்டு கிளாம்புகள் இல்லை. மணி மூன்றாகப் போகிறது.

நல்லவேளை, நாகராஜப்பா போன் செய்தார். சானமாவுப் பக்கம் யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறதாம், வண்டிகளை நிறுத்திவிட்டார்களாம், அரை மணி தாமதமாகும் என்றார்.

மாமனார் கைக்கு அகப்பட்ட கெட்டி அட்டையை எடுத்தார், பென்சிலைச் சீவினார், ஸ்கேலை வைத்து இரண்டு கிளாம்புகளையும் கையாலேயே வரைந்தார். "மாப்ள, அந்த ஓரத்த அமுக்கிப் புடிங்க, அட்ட நகருது" என்றார். அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

நாகராஜப்பா வந்தார். படம் மெதுவாகத் திரும்பியதைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு அட்டையைக் கையில் எடுத்து, "இது கம்ப்யூட்டர்கிந்த சென்னாகிதெ சார்!" என்றார் கன்னடத்தில். கணினியில் இருப்பதைவிட இது நன்றாக இருக்கிறதாம். அங்கேயே கையெழுத்தும் போட்டார். போடும்போது அட்டையைத் திருப்பியவர், "அரே, மதுவெ கார்டா?" என்று சிரித்தார். எங்கள் கல்யாணத்தில் மிஞ்சிய அழைப்பிதழ் அது.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கணினிக்கு முறைப்படி வேகம் ஏற்றினோம். ஒரு நேரத்தில் ஒரு படி. சூடும் சோதனை நேரமும் அத்தையின் நோட்டில் ஏறி, அவர் "ஓகே" என்று எழுதிக் கையெழுத்திட்டால்தான் நான் அடுத்த படிக்குப் போகலாம். இன்றும் அது நன்றாக ஓடுகிறது.

அந்த அழைப்பிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் முன்னறைச் சுவரில் தொங்குகிறது. கிளாம்புகள் ஜனங்களைப் பார்க்கின்றன, எங்கள் பெயர்கள் சுவரைப் பார்க்கின்றன. சமையலறையில் குக்கர் விசில் கொஞ்சம் தாமதமானால் போதும், மஞ்சுளா அங்கிருந்தே கூப்பிடுவாள்:

"ஏங்க, வந்து கொஞ்சம் வேகம் ஏத்திக் குடுங்களேன்!"

உடனே அத்தையின் குரல் கேட்கும்: "முதல்ல சோத்த வேற பாத்திரத்துல எடுத்து வெச்சுக்கடீ!"