மூன்றாவது டோக்கன்

கையெழுத்துப் போட என்னைத் தனியாக அனுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டம் வரக் காரணம் நான்தான் என்பதால் எதிர்த்துப் பேச வழியில்லை.

என் மகள் பிறப்பதற்கு முன் நடந்த கதை. நானும் என் மனைவி கலாவதியும் ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீ சிட்டியில், காருக்கு வயர் கட்டும் ஒரு கம்பெனியில், ஒரே லைனில் வேலை செய்தோம். லைனுக்கு நாற்பது பேர். டோக்கன் இரண்டு. சாப்பாட்டு டோக்கன் என்று நினைத்துவிடாதீர்கள், பாத்ரூம் டோக்கன். உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் அட்டை, சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் தொங்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். போனவர் திரும்பி வந்தால்தான் அடுத்தவருக்கு வழி. (அவர் வரும்வரை நாம் வயரைக் கட்டுவதா, நம்மைக் கட்டுவதா என்பது நம் பாடு.)

கலாவதிக்கு அப்போது ஐந்தாம் மாதம். டோக்கனுக்குக் காத்து நிற்கப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டாள். ஒரு நாள் லைனிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை, என்னைத் திட்டினார். "புள்ளத்தாச்சிக்குத் தண்ணி குடிக்க வழி பண்ண மாட்டியா நீ?" வெளியே வந்து அழுதேன். அந்த வாரமே சங்கத்தில் பேசி, டோக்கனை ஒழித்தே தீர வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். மேனேஜ்மென்ட்டும் பேச்சுவார்த்தைக்கு ஒப்புக்கொண்டது.

பேசப் போவது ஐந்து பேர். தலைமை நான். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் மூச்சுவிடாமல் பேசுவேன் என்பதே என் தகுதி. (மூன்றிலும் விஷயத்தோடு பேசுவேனா என்று யாரும் விசாரிக்கவில்லை.) அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்டுக்கு வெளியே கூட்டத்தைப் பார்த்ததும் ஒரு கல்லின்மேல் ஏறிச் சபதம் செய்தேன்.

"கையெழுத்து ஆவற வரைக்கும் நாங்க அஞ்சு பேரும் நாற்காலிய வுட்டு எழுந்திருக்க மாட்டோம்! எவன் மொதல்ல எழுந்திருக்கறானோ அவன் தோத்தான்!"

ஒரே கைதட்டல். கலாவதி மட்டும் தட்டவில்லை. "யோவ், இன்னாத்துக்கு இந்த வீராப்பு? காலைல ரெண்டு சொம்பு கூழு குடிச்சிக்கினு வந்துகிற" என்றாள். பெண்களுக்கு அரசியல் புரிவதில்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மேனேஜர் திருப்பதிக்காரர். கோபமே வராத மனிதர், அதுதான் ஆபத்து. "எண்டலு எக்குவகா உன்னாயி, தீஸ்கோண்டி" என்று வெயிலைச் சொல்லி உபசரித்தார். முதலில் டீ. பிறகு மோர். பிறகு இளநீர். வைத்ததை வேண்டாம் என்றால் பகை என்று எங்கள் பக்கத்தில் ஒரு எண்ணம் உண்டு. பேச வந்த இடத்தில் பகை எதற்கென்று ஐந்து பேரும் அத்தனையையும் குடித்தோம். ஏசி வேறு எங்கள் தலைக்கு நேராக ஓடிக்கொண்டிருந்தது.

டோக்கனை எடுத்தால் உற்பத்தி எப்படிப் பாதிக்கும் என்று மேனேஜர் திரையில் படம் போட்டு விளக்கினார். ஒவ்வொரு படத்துக்கும் பின்னணியில் தலகோனா அருவி கொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் அவரே இரண்டு தடவை எழுந்து போய், கைக்குட்டையில் கை துடைத்தபடி வந்தார். கழுத்தில் எந்த டோக்கனும் இல்லை. அதைச் சொல்லி ஒரு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே ஜெயித்திருப்போம். ஆனால் என் மூளை அப்போது வேறு வேலையில் இருந்தது. மற்ற நால்வரைப் பார்த்தேன். எல்லோரும் ஒரே மாதிரி கால்மேல் கால் போட்டு, ஒரே மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சங்கத்தில் அப்படியொரு ஒற்றுமையை நான் பிறகு கண்டதில்லை.

பன்னிரண்டரைக்கு மேனேஜர் சொன்னார், "டோக்கன் தீசேயலேமு முனிரத்னம், எடுக்க முடியாது. வேணும்னா இன்னொண்ணு தர்றோம். மூணு."

நான் மேசையைத் தட்டி எழுந்து கர்ஜித்திருக்க வேண்டும். எழுந்தால் தோல்வி. எழுந்து கர்ஜித்தால் அதைவிடப் பெரிய அவமானம் நேரும் நிலை.

"எங்க சார் கையெழுத்து போடணும்?" என்றேன்.

ஐந்து கையெழுத்தும் அரை நிமிடத்தில் முடிந்தன. ஐந்து பேரும் வராந்தாவில் ஓடினோம். உள்ளே போய் நின்ற பிறகுதான் அறிவு மெல்லத் திரும்பி வந்தது. பக்கத்தில் நின்றவர் கேட்டார், "மூணு டோக்கனுக்கா கையெழுத்து போட்டோம்?"

கேட்டில் கலாவதி நின்றிருந்தாள்.

"இன்னா ஆச்சி?"

"மூணு."

"இன்னா மூணு?"

சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "எனக்காவத்தான போன?" என்று மட்டும் கேட்டாள். அவள் கத்தியிருக்கலாம். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

புது டோக்கன் சிவப்பாக வந்தது. மறுநாளே அதற்கு என் பெயரை வைத்துவிட்டார்கள். "மஞ்சள் போயிருக்கா? பரவால்ல சார், முனிரத்னத்த குடுங்க." நாற்பது பேரும் என்னைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாத்ரூம் போய் வந்தார்கள். எனக்கு முறை வந்தபோது நானும்தான்.

அடுத்த மாதம் பெண்கள் ஐந்து பேர் பேச்சுவார்த்தைக்குப் போனார்கள். தலைமை கலாவதி. சபதம் எதுவும் செய்யவில்லை. டீ குடித்தார்கள், இளநீர் குடித்தார்கள், "இன்னோரு கிளாஸ் மோரு இருக்குதா சார்?" என்று கேட்டு வாங்கிக் குடித்தார்கள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருத்தியாக எழுந்து, "போயிட்டு வந்துடறேன் சார்" என்று போனார்கள். ஒருத்தி வெளியே இருக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. "அவ வரட்டும் சார். அஞ்சு பேரும் இருந்தாத்தான் பேச்சு."

மூன்று மணி ஆகியும் பேச்சு முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. கோபமே வராத மேனேஜர் பேனாவை மேசையில் போட்டார். "இதேமம்மா, ஒக்க பேஜி கூடா காலேது! ஒரு பக்கம்கூட முடியலையே!"

"நாங்க அஞ்சு பேரு இஷ்டத்துக்குப் போய் வந்துக்கினுதான் சார் இருக்கிறோம். யாரு கைலயும் டோக்கன் இல்ல. ஆனா பேச்ச நிறுத்தினது நாங்க போனது இல்ல சார், காத்துக்கினு இருந்தது" என்றாள் கலாவதி. "லைன்லயும் அதேதான். டோக்கனுக்குக் காத்துக்கினு நிக்கறதுலதான் வேல கெடுது."

அன்று சாயங்காலமே கையெழுத்தாகி, மூன்று டோக்கன்களும் ஆணியிலிருந்து இறங்கின. கலாவதி வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சூப்பர்வைசர் சிவப்பு டோக்கனை எனக்கே கொடுத்துவிட்டார். சத்தியவேட்டில் எங்கள் வீட்டு பாத்ரூம் கதவில் அது இன்றும் தொங்குகிறது. வருகிற விருந்தாளிக்கெல்லாம் கதை சொல்வது மகளின் வேலை. அவள் இப்போது நான்காம் வகுப்பு.

போன மாதம் இரண்டு சென்ட் மனை பதிவு செய்யக் குடும்பத்தோடு ஆபீசுக்குப் போயிருந்தோம். காகிதத்தை நீட்டினார்கள். பேனாவைத் திறந்தேன்.

"நைனா, மொதல்ல போயிட்டு வா" என்றாள் மகள், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி.

தேவையில்லை என்று கம்பீரமாகச் சொன்னேன். கலாவதி என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடி வைத்தாள். "போயிட்டு வந்து போடு."

போய்விட்டு வந்தேன். (போக வேண்டித்தான் இருந்தது.)