கையெழுத்துக்கு ஒரு நல்ல நேரம்

"தம்பி, இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்குள்ளை அந்தப் போம் என்ரை கையிலை இருக்கவேணும். நாளையான் கிளினிக்கை விட்டியளெண்டால் டாக்குத்தர் இனி ரெண்டு மாதத்துக்குப் பிறகுதான் வருவார்."

மருத்துவமாது ஜெயகௌரி தொலைபேசியை வைத்தபோது காலை எட்டே முக்கால். சுபாங்கன் கரவெட்டியில் தன் வெங்காயத் தோட்டத்து வரம்பில் நின்றான். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். போம் என்கிற அந்தப் படிவம் இருந்தது. மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறது. நாலாக மடிந்து, வேர்வையில் ஊறி, ஒரு தரம் தோய்க்கப் போட்ட சட்டையோடு வாளி வரைக்கும் போய்த் தப்பி வந்து, இன்னும் கையெழுத்து இல்லாமல்.

விசயம் வேறொன்றுமில்லை. சுபாங்கனுக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூன்றாவதுக்கு இன்றோடு நாற்பத்திரண்டு நாள். அது பிறந்த அன்று அவன் மனைவி தனுஷிகாவுக்கு இரத்தம் போன போக்கில் ஆஸ்பத்திரித் தாதிமார் ஓடிய ஓட்டத்தை வாசலில் நின்று பார்த்தவன் அவன். அன்றைக்கு அவன் நடுங்கியதுபோல வாழ்நாளில் நடுங்கியதில்லை. "இன்னொண்டு வந்தால் தாய்க்கு ஆபத்து" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனிப் பிள்ளை வேண்டாம் என்பதில் இருவருக்கும் இரண்டு கருத்து இருக்கவில்லை. நிரந்தரமாக ஒரு வழி பார்ப்போம் என்று பேசியபோதுதான் ஜெயகௌரி குறுக்கிட்டார்.

"அவவின்ரை உடம்பிலை இப்ப இரத்தமில்லை. அவவிலை கத்தி வைக்க வேண்டாம். ஆம்பிளையளுக்குச் செய்யிறது லேசு தம்பி. கால் மணித்தியாலம். ஒரு கிழமை பாரம் தூக்காமல் இருந்தால் சரி."

"ஓம் மிஸி, நான் செய்யிறன்" என்று சுபாங்கன்தான் சொன்னான். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ஜெயகௌரி கேற்றைச் சாத்திக்கொண்டு போன பிறகுதான் கால் இரண்டும் தன்பாட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன.

கத்திப் பயம் பாதி. மற்றப் பாதி அவனுடைய தாய் தங்கமுத்து. நாலு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதாக இவனைப் பெற்றவர். ஆண்பிள்ளை கிடைக்கும் மட்டும் சளைக்காத மனுசி என்று ஊரே சொல்லும். "நாலு பெட்டையளுக்குப் பிறகும் நான் சளைக்கேல்லை, நீ மூண்டோடை கடையைப் பூட்டுறியோ?" என்று தாய் கேட்பது சுபாங்கனுக்குச் சாப்பிடும்போதும் கேட்டது, தண்ணீர் இறைக்கும்போதும் கேட்டது. அவர் இன்னும் வாயே திறக்கவில்லை என்பது வேறு கதை.

கையெழுத்து வைப்பது என்று முடிவெடுத்தாயிற்று. ஆனால் லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் வாங்கியது நேரம் பார்த்து. கிணற்றுக்கு மோட்டர் பூட்டியது நேரம் பார்த்து. கோழிக்கூட்டுக்குக்கூட நேரம் பார்த்துத்தான் தூண் நட்டான். உடம்பில் கத்தி படுகிற காரியத்துக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைப்பதா? சைக்கிளை எடுத்துக்கொண்டு தில்லைநாதன் சாத்திரியார் வீட்டுக்குப் போனான்.

சாத்திரியார் பஞ்சாங்கத்தை விரித்தார்.

"என்ன காரியம்?"

"ஒரு பேப்பரிலை கையெழுத்து வைக்கவேணும் ஐயா."

"காணி எழுத்தோ?"

இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். "ஓம் ஐயா" என்றான்.

"நல்லது. பதினொண்டு பத்துக்கு ஒரு வடிவான நேரம் இருக்கு. தொட்டது ஒண்டு ரெண்டாய், ரெண்டு நாலாய்ப் பெருகும்."

சுபாங்கன் கதிரையை விட்டு எழும்பியே விட்டான்.

"ஐயோ, பெருகக் கூடாது ஐயா!"

சாத்திரியார் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு வேண்டுதலை அவர் கேட்டதில்லை.

"பெருகக் கூடாதோ?"

"உள்ளது உள்ளபடி நிண்டால் காணும். அதுக்கு மேலை ஒண்டும் வரப்படாது."

சாத்திரியார் நாடியைத் தடவினார். பிறகு முகம் வெளித்தது.

"அப்ப நீ வாங்கேல்லை, விக்கிறாய்."

"அ… அப்பிடித்தான் ஐயா."

"ஆருக்கு?"

"அதைப் பேந்து சொல்லுறன்."

"அப்பிடியெண்டால் மூண்டு பத்து. நல்லாய்க் குறையிற நேரம். அந்த நேரத்திலை வைச்ச கையெழுத்துக்குப் பிறகு ஒரு முளை முளைக்காது, போ."

சுபாங்கனுக்கு உச்சி குளிர்ந்தது. மூன்று பத்துக்குக் கையெழுத்து, மூன்றரைக்கு ஜெயகௌரியின் கையில் போம். எல்லாம் கச்சிதம். சாத்திரியார் கிரகங்களின் இரகசியத்தைக் காப்பாற்றுகிறவர்தான். மனிதர்களின் இரகசியத்துக்கு அவர் உத்தரவாதம் தருவதில்லை. அவன் தோட்டத்துக்குப் போய், இரண்டு பாத்திக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் மூத்த அக்கா அருந்ததியின் ஸ்கூட்டி குறுக்காக நின்றது.

"எங்கடை அப்பா கிணறு வெட்டின காணியை ஆருக்கடா எழுதப் போறாய்?"

"ஆரக்கா சொன்னது?"

"ஆர் சொன்னால் என்ன? நாங்கள் நாலு பேர் இருக்கிறம். ஒரு வார்த்தை கேட்டனியோ? அம்மாவுக்குத் தெரியுமோ?"

தங்கமுத்து குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அவர் கத்தியிருந்தால் சுபாங்கனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"காணியுமில்லை, பூமியுமில்லை. சாத்திரியார் மாறி விளங்கிப்போட்டார்."

"அப்ப உந்தப் பொக்கற்றுக்குள்ளை இருக்கிறது என்ன பேப்பர்?"

சுபாங்கனின் கை தன்னையறியாமல் சட்டைப் பையைப் பொத்தியது. பொய் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தான். ஆகவே உண்மையில் கால்வாசியைச் சொன்னான்.

"அது… மெடிக்கல் பேப்பர். நாளைக்குப் போகவேணும்."

அருந்ததியின் கோபம் அப்படியே நின்றது. வடமராட்சியில் தோட்டம் கொத்துகிற, தடிமனுக்குக்கூட டிஸ்பென்சரிப் பக்கம் போகாத முப்பத்தாறு வயது ஆம்பிளை மெடிக்கலுக்குப் போகிறான் என்றால் அது வெளிநாட்டு விசாவுக்குத்தான் என்று குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும்.

"கனடாவோ?"

இல்லையென்றால் எந்த மெடிக்கல் என்று சொல்லவேண்டும். சுபாங்கனின் தலை மெல்ல ஆடியது. மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று அவனுக்கே தெரியாது. அருந்ததிக்குத் தெரிந்தது.

"என்ரை தம்பி! அதுக்குத்தான் காணியை விக்கிறியோ! இதை முதலே சொல்லியிருக்கலாமேயடா!"

காணியும் போயிற்று, ஆளும் போயிற்று. அருந்ததி அழுதுகொண்டே மற்ற மூன்று அக்காமாருக்கும் போன் எடுத்தாள். மூன்றாவது போன் முடிவதற்குள் பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரி ஒரு பையோடு வேலிப் பொட்டுக்குள்ளால் வந்துவிட்டார்.

"தம்பி, கனடாவிலை இருக்கிற எங்கடை மகனுக்கு ரெண்டு கிலோ மிளகாய்த்தூளும் ஒரு கிலோ ஒடியல் மாவும்தான். நிறுத்துப் பார்த்தனான், சரியா மூண்டு. உமக்குப் பாரமாய் இராது."

"அக்கா, இன்னும் ஒண்டும் சரிவரேல்லை…"

"சரிவரும். தூள் பழுதாகாது, வறுத்துத்தான் இடிச்சது."

நாளைக்கு மெடிக்கலுக்குத் தனியே போகவிட முடியாது, தானும் வருகிறேன் என்று அருந்ததி அறிவித்தபோது சுபாங்கன் அறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினான்.

தனுஷிகா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப பயணம்?" என்றாள்.

"நீரும் தொடங்காதையும்."

"இல்லை, பெட்டி அடுக்கவேணுமெல்லே. தூள் வேறை வந்திட்டுது."

சுபாங்கன் கட்டில் ஓரத்தில் இருந்தான். பிள்ளை பாலைக் குடித்து முடித்துக் கொட்டாவி விட்டது. தனுஷிகா அதைத் தொட்டிலில் போட எழும்பினாள். எழும்பியவள் ஒரு அடி வைக்கவில்லை. கட்டில் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தலைச்சுற்றுப் போகும்வரை நின்றாள். பிடித்த கையின் நகங்களில் துளி இரத்தமில்லை. வெள்ளைக் கடதாசி மாதிரி இருந்தன.

"பயமெண்டால் விடுங்கோ," என்றாள் கண்ணைத் திறக்காமல். "நான் மிஸியோடை கதைக்கிறன். என்னிலையே செய்யட்டும். எனக்கு ஆஸ்பத்திரி பழகிட்டுது."

சுபாங்கனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவள் அந்த ஆஸ்பத்திரி வாசலுக்குள் போய் உயிரோடு திரும்பி வந்தவள். இவன் ஒரு பேனையை எடுக்கப் பயந்து ஊருக்குக் காணி விற்று, கனடாவுக்கும் போய்விட்டான்.

"நீர் ஒரு இடமும் போகத் தேவையில்லை. நான்தான் செய்யிறது."

"அப்ப இப்ப வையுங்கோவன் கையெழுத்தை."

"வைக்கிறன். மூண்டு பத்துக்கு."

தனுஷிகா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கேட்க அவனுக்குத் துணிவில்லை.

இரண்டரைக்கு அவன் பின்பக்கத்தால் நழுவித் தோட்டத்துக்குப் போய், மோட்டர் கொட்டிலுக்குள் வைத்துக் கையெழுத்தைப் போடலாம் என்று பார்த்தான். பின்பக்கத்தில் கேதீஸ்வரி நிறைகுடத்துக்கு மாவிலை பறித்துக்கொண்டு நின்றார்.

"எங்கை போறீர்? நேரம் கிட்டுது. சாத்திரியார் மூண்டு பத்தெண்டுதானே சொன்னவர்?"

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சாமியறை வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு, தாம்பாளத்தில் வெற்றிலை. மூத்த மகள்மார் இரண்டு பேருக்கும் அருந்ததி புதுச்சட்டை போட்டுவிட்டிருந்தாள். தனுஷிகா பிள்ளையோடு கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். தங்கமுத்து சுவரோரம் கதிரையில் இருந்தார். கையில் முருங்கையிலை இல்லை என்பதைத் தவிர முகத்தில் மாற்றமில்லை.

"பேப்பரைத் தா. நாலு மூலைக்கும் மஞ்சள் பூசவேணும்."

"மடிச்சபடியே பூசக்கா."

"மடிச்ச பேப்பரிலை எப்பிடியடா கையெழுத்து வைப்பாய்?"

"அடியிலை மட்டும் விரிப்பன்."

அருந்ததி இழுத்தாள். அவன் விடவில்லை. கடைசியில் அவன் பிடித்திருக்க, அவள் மஞ்சளை அப்பினாள். கேதீஸ்வரி தேங்காயை உடைத்தார். மணி மூன்று பத்து. சுபாங்கன் போமின் அடிப்பக்கத்தை இரண்டு விரல் அகலத்துக்கு விரித்துப் பேனையை வைத்தான். மஞ்சள் ஈரத்தில் பேனை எழுதவில்லை. உதறினான். திரும்ப வைத்தான். கடதாசி லேசாகக் கிழிந்தது.

"வேறை பேனை! கெதியா வேறை பேனை!" என்று அருந்ததி கத்தினாள்.

அப்போது முற்றத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வெள்ளைச் சட்டையோடு ஜெயகௌரி இறங்கினார்.

"நாலு மணிக்கு எனக்கு ஒரு கூட்டம் வந்திட்டுது. அதுதான் நானே போமை வாங்கிக்கொண்டு…"

சொன்னவர் வாசலில் அப்படியே நின்றார். விளக்கைப் பார்த்தார். நிறைகுடத்தைப் பார்த்தார். மஞ்சள் பூசிய போமைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியது.

"இருபத்தாறு வருசம் இந்த வேலை செய்யிறன். ஆம்பிளையின்ரை குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேசனுக்கு விளக்கேத்தி, நிறைகுடம் வைச்சு, சொந்தமெல்லாம் கூடி நிண்டு கையெழுத்து வைச்ச வீட்டை இண்டைக்குத்தான் காணுறன். அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடவேணும்."

அருந்ததியின் கையிலிருந்த மஞ்சள் கிண்ணம் சரிந்தது. கேதீஸ்வரி ஜெயகௌரியையும் சுபாங்கனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் குனிந்து, கதிரைக்குக் கீழே இருந்த மிளகாய்த்தூள் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கனடா?" என்றாள் அருந்ததி.

"இல்லையக்கா."

"காணி?"

"அதுவும் இல்லை."

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. சுபாங்கன் தாய்க்கு முன்னால் போய் நின்றான். சொல்லியே விட்டான்.

"அம்மா, நீங்கள் என்னை ஏசுவியள். ஏசுங்கோ. நாலு பெட்டையளுக்குப் பிறகும் சளைக்காமல் இருந்து என்னைப் பெத்தனியள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஆண்பிள்ளை வராட்டில் போகட்டும். எனக்கு இவ வேணும். இவ இல்லாமல் மூண்டு பிள்ளையளோடை நான் என்ன செய்யிறது?"

கதவு நிலையில் தனுஷிகா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தங்கமுத்து மகனை மேலும் கீழும் பார்த்தார். எழும்பிப் போய்ச் சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பேனையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஆரடா உனக்குச் சொன்னது நான் சளைக்கேல்லையெண்டு?"

"ஊரெல்லாம் சொல்லுது அம்மா."

"ஊர் சொல்லும். நாலோடை காணுமெண்டு உன்ரை கொப்பர் உந்த ஒப்பரேசனுக்குப் பேர் குடுத்தவர்," என்று சொல்லிப் பேனையை அவன் கையில் திணித்தார். "உன்னைப்போலைதான் நல்ல நேரம் பார்த்துக்கொண்டு திரிஞ்சார், அந்த நேரம் வரமுந்தி நீ வந்திட்டாய்."