அறுபது பல்லுக்கும் குங்குமம்

2012 அக்டோபர் 23, செவ்வாய்க்கிழமை, ஆயுத பூஜை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றடியில் குளியல், செய்தித்தாள், இட்லி. வழக்கத்தில் இல்லாதது ஒன்றுதான்: புது ரம்ப பிளேடு ஒன்றை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். (பெற்ற பிள்ளையைக்கூட நான் இவ்வளவு நேரம் மடியில் வைத்திருந்ததில்லை என்றாள் என் மனைவி.)

மரவேலை எனக்குப் பொழுதுபோக்கு. மைட்டர் சா என்கிற மின்ரம்பம் ஒன்று வைத்திருந்தேன். கைப்பிடியைப் பிடித்து இறக்கினால், சுழலும் வட்ட பிளேடு மேலிருந்து வந்து மரத்தை அறுக்கும். இடது வலதாகத் திருப்பலாம், பக்கவாட்டில் சாய்க்கலாம். கதவுச் சட்டத்தின் மூலைகளைச் சாய்வாக வெட்டிப் பொருத்த அதற்கு இணையில்லை. ஆனால் பழைய பிளேடு மழுங்கி, மரம் அறுபடுவதற்குப் பதிலாகக் கருகியது.

புது பிளேடுக்கு அவசரம் வந்தது என் தங்கையால். அடுத்த தெருவில் அவளுடைய புது வீட்டுக்கு விஜயதசமி காலையில் கிரகப்பிரவேசம். அவள் கணவருக்கும் எனக்கும் ஒரு வரப்பு யாருடையது என்று திருத்துறைப்பூண்டி கோர்ட்டில் வழக்கு. வாய்தா வாய்தாவாக அது நீண்டதில் எங்களுக்குள் பேச்சே நின்றுபோயிருந்தது.

"அண்ணே, சீர்னு பாத்திரம் பண்டம் ஒண்ணும் வேணாம்" என்றாள் தங்கை. "பூஜையறைக் கதவைச் சுத்தித் தேக்குச் சட்டம் மட்டும் உங்க கையால செஞ்சு குடுங்க. அதைச் சாக்கா வச்சு அவரைப் பேச வச்சிடுறேன்."

சட்டம் நன்றாக அமைந்தால் மாப்பிள்ளை பேசுவார். மூலை பிசிறினால் அதையும் வழக்கில் சேர்த்துவிடுவார்.

ஆகவே முதல் நாளே பழைய பிளேடைப் பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர்க் கடைக்குப் போயிருந்தேன். விட்டம், நடுத்துளை, மோட்டாரின் வேகம் எல்லாம் எனக்கு மனப்பாடம். கடைக்காரர் இருபத்துநான்கு பல், நாற்பது பல், அறுபது பல் என்று மூன்றை எடுத்துப் போட்டார்.

"பல்லு கம்மின்னா வேகமா அறுக்கும், பிசிறும். அதிகம்னா மெதுவா அறுக்கும், வழவழன்னு வரும். உங்களுக்கு அறுபது சரிங்க."

அதோடு விட்டிருக்கலாம். ஒரே அறுபது பல்லில் இரண்டு வகை இருந்தன. ஒன்றில் பற்கள் முன்னே சாய்ந்திருந்தன, மற்றதில் சற்றே பின்வாங்கியிருந்தன. ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் பஸ் ஏற முடியாது.

"முன்னால சாஞ்ச பல்லு மரத்தைக் கவ்வி இழுக்கும். மேலேர்ந்து இறங்குற மிஷினுக்கு அது ஆகாது, கட்டை துள்ளிடும்" என்றவர், நான் ஒவ்வொரு பல்லையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதைக் கண்டு, "சார், பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல பாக்குறீங்க. பஜ்ஜி, சொஜ்ஜி கொண்டாரச் சொல்லவா?" என்றார்.

பின்வாங்கிய பல்லையே வாங்கினேன். இன்றைக்கும் சொல்கிறேன், தேர்வில் ஒரு குறையும் இல்லை.

குறை பூஜையில். பிளேடை ரம்பத்தில் மாட்டி வைத்து, மற்றவர்களைப் போல நடுவில் ஒரு பொட்டோடு நான் நிறுத்தவில்லை. அறுபது பல்லுக்கும் தனித்தனியாகச் சந்தனம், குங்குமம். உதிரக் கூடாதே என்று குங்குமத்தைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்துக்கொண்டேன்.

"ஒரு பொட்டு போதாதா?" என்றாள் மனைவி.

"எல்லாப் பல்லும்தானே அறுக்கப்போகுது?"

கற்பூரம் காட்டி முடிந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். மறுநாள் விடிந்தால் கிரகப்பிரவேசம் என்று நான் சொன்னேன். சாயங்காலம் ரம்பத்தைக் கொல்லைக்குத் தூக்கிப்போனபோது, தங்கை அனுப்பி மாப்பிள்ளை வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ரம்பத்துக்கு எதிர்ப்புறம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பல வருடங்களுக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"வெட்டுங்க மச்சான், பாப்போம்."

பொத்தானை அழுத்தி இறக்கினேன். அறுபது பல்லின் குங்குமமும் ஒரே வீச்சில் எதிர்ப்பக்கம் போனது. மாப்பிள்ளையின் கழுத்து, சட்டை, வேட்டி எல்லாம் சிவப்பு. கழுத்தைத் தொட்டுக் கையைப் பார்த்தார். பிறகு கழுத்தைப் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்து ஓடினார்.

குங்குமம்தான் என்று சொல்ல நானும் பின்னால் ஓடினேன். கையில் இருந்த தேக்குச் சட்டத்தைக் கீழே போட எனக்குத் தோன்றவில்லை.

தெருவில் இருந்தவர்கள் பார்த்தது இதுதான்: வரப்பு வழக்குக்காரர் ரத்தம் வழிய ஓடுகிறார், எதிராளி கட்டையோடு துரத்துகிறார். இரண்டு பேர் என்னைக் கட்டிப் பிடித்தார்கள். "விட்டுடுங்க சார், கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்றார் டீக்கடைக்காரர். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். தங்கை அலறிக்கொண்டு வந்து கணவரின் கழுத்தை முந்தானையால் துடைத்தாள். துடைத்தவள் முந்தானையை முகர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, ரத்தத்துல பன்னீர் வாசனை அடிக்குது?"

மாப்பிள்ளை கழுத்தைத் தடவினார். காயத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. "மச்சான், அந்தக் கட்டையக் காட்டுங்க" என்று வாங்கி, வெட்டிய முனையில் விரலை ஓட்டினார். (கண்ணாடி மாதிரி இருந்தது. இதை எழுதாமல் விட மாட்டேன்.) "நல்லாத்தான் வெட்டியிருக்கீங்க" என்றார். முதலில் சிரித்தது அவர்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு விசேஷங்களில் எனக்குக் குங்குமம் நீட்டுகிறவர்கள், "மோட்டார் ஆஃப்ல தானே இருக்கு?" என்று கேட்காமல் நீட்டுவதில்லை.

ஆனால் அன்று நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் செய்தி சுற்றுவட்டாரம் முழுக்கப் போயிருந்தது. மயிலாடுதுறை உறவினர்கள் எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டுப் போன் செய்தார்கள். விடிந்ததும் மாப்பிள்ளை என் வாசலில் நின்றார்.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நடை போய்ட்டு வந்தாத்தான் மச்சான் ஊரு நம்பும். இல்லேன்னா கிரகப்பிரவேசத்துக்கு எல்லாரும் மாலையோட வந்துடுவாங்க."

பசுமாடு வருவதற்கு முன், ஐயர் வருவதற்கு முன், முதல் வேலையாக நாங்கள் இருவரும் கைகோத்துக்கொண்டு, இரண்டு தெருவையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம்.